மீசை கலையாத ஸ்டெப்னி

போன வியாழக்கிழமையிலிருந்து, குளிக்கும்போது சோப்பு கை நழுவினால்கூட நான் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.

சிரிக்காதீர்கள். இரண்டரை டன் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த வண்டியே சோப்பு மாதிரி வழுக்கிப் போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு என் மகள் கயலைத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக... டாக்டர். வயது இருபத்தைந்து. கல்வராயன் மலைமேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து மாதமாக வேலை. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் ஏறி, தினமும் இறங்குகிறாள். அவள் ஏறும்போது என் ரத்த அழுத்தமும் ஏறும். அவள் இறங்கினாலும் அது மட்டும் இறங்காது.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. பிள்ளை வேலை செய்கிற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று, மடியில் புளியோதரை டப்பாவை வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தூறல். ஒரு திருப்பத்தில், எதிரே டவுன் பஸ் ஒன்று இறங்கி வந்தது. கயல் பிரேக்கை மிதித்தாள்.

வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி வேறு பக்கம் போகிறது. சத்தமே இல்லை. மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பள்ளத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டே இருந்தது.

கோமுகி அணைத் தண்ணீர் கீழே பளபளவென்று தெரியும் திருப்பம் அது. அழகான இடம் என்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நான் அந்த அழகை ரொம்பப் பக்கத்தில் பார்த்துவிட்டேன்.

சாலையோரத்தில் நட்டிருந்த வெள்ளைக் கல்லுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. என் நெஞ்சோடு புளியோதரை டப்பா நின்றது. எப்போது அதைக் கட்டிப்பிடித்தேன் என்று தெரியவில்லை.

பின்னால் வந்த ஷேர் ஜீப்பிலிருந்து டிரைவர் இறங்கி ஓடிவந்தார். மலைக்காரர், பெயர் சடையன். கயலை அவருக்குத் தெரியும்.

“டாக்டரம்மா, அடி கிடி பட்டுச்சா?”

“இல்லண்ணே.”

அவர் குனிந்து எங்கள் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். “வண்டி ராஜா மாரி இருக்குதும்மா. செருப்புதான் கல்லு செருப்பு” என்று சொல்லிவிட்டு, பஸ்காரருக்குக் கை காட்டி வழிவிடச் சொன்னார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. அப்போது எனக்கு என் பெயரே புரியவில்லை.

இப்போது அந்த ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் விவசாயி. நைனார்பாளையம் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும். மனுஷனுக்கு ஆடம்பரம் என்று ஒன்று கிடையாது — இந்த வண்டியைத் தவிர. ஆறு வருஷம் முன்பு பாண்டிச்சேரியில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஏழு சீட். தோல் சீட். நாலு சக்கரமும் இழுக்கும். கூரையில் ஒரு ஜன்னல் திறக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

நாங்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் ‘மாப்பிள்ளை’. ஏன் என்று கேட்கிறீர்களா? வேலை ஒன்றும் செய்யாது. ஆனால் மரியாதை குறையக் கூடாது.

டிராக்டர் வெயிலில் நிற்கும், மாப்பிள்ளைக்கு ஷெட். அமாவாசைக்கு அமாவாசை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு தெருமுனை வரை போய்த் திரும்பும். வருஷத்துக்கு ஒருமுறை திருநாவலூர் கோயில், அப்புறம் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். அவ்வளவுதான் மாப்பிள்ளையின் உழைப்பு. வந்ததும் இவர் டயர்களைத் துணியால் துடைத்து, கறுப்பு பாலிஷ் போட்டுவிடுவார். என் தலைக்கு நான் டை அடிப்பதைவிட அது அடர்த்தியாக இருக்கும்.

சரி, ஷெட்டில் இருந்த மாப்பிள்ளை எப்படி மலைக்குப் போனார்?

குற்றவாளி நான்தான். கயல் முதல் நாலு மாதம் ஸ்கூட்டியில்தான் போய்வந்தாள். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்வாள். அந்தப் போன் வரும்வரை எனக்கு இட்லி இறங்காது. “பெரிய வண்டி சும்மா நிக்குது, என் பொண்ணு ரெண்டு சக்கரத்துல மலை ஏறணுமா?” என்று வீட்டில் இரண்டு வாரம் போராட்டம். இவருக்கு மனசே இல்லை. மாப்பிள்ளை மேல் செம்மண் படுமே! கயலுக்கும் விருப்பமில்லை. “ஸ்கூட்டிதாம்மா எனக்கு ஈஸி” என்றாள். நான் விடவில்லை. பெரியது என்றால் பத்திரம். இதில் என்ன சந்தேகம்?

ஸ்கூட்டியில் நாலு மாதம் — ஒரு கீறல் இல்லை. மாப்பிள்ளையில் இரண்டாவது வாரம் — ஒரு சாண்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இவர் டயர் முன்னால் குந்திக்கொண்டு, பட்டன்களுக்கு நடுவில் ஒரு ரூபாய்க் காசைச் செருகினார். டயரில் மேடு மேடாக இருக்குமே, அதை எங்கள் பக்கம் பட்டன் என்பார்கள். காசு கால்வாசிக்கு மேல் உள்ளே போயிற்று.

“பாத்துக்கோ. பட்டன் அப்படியே கீது. டயர் மேல குத்தம் சொல்லாத. இன்னா ஸ்பீடுல போன?”

“இருபதுப்பா. அந்தத் திருப்பத்துல அதுக்கு மேல போனா அம்மா கத்துவாங்க” என்றாள் கயல்.

அது உண்மை. நான் இருபதிலேயே கத்திக்கொண்டுதான் இருந்தேன்.

“அப்ப செல்லு பாத்துக்கினு இருந்தியா?”

“அப்பா!”

எனக்கு சடையன் அழுத்திப் பார்த்தது ஞாபகம் வந்தது. குனிந்து, டயர் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். வெண்டைக்காய் வாங்கும்போது நுனி உடைத்துப் பார்க்கிற கை, சும்மா இருக்குமா? நகம் இறங்கவில்லை. பக்கத்தில் கயலின் ஸ்கூட்டி நின்றது. அதன் டயரில் அழுத்தினேன். லேசாக உள்வாங்கி, நகத் தடம் விழுந்தது. மறுபடி மாப்பிள்ளை. என் நகம்தான் வலித்தது.

“ஏங்க, இது முத்திப்போச்சுங்க.”

“டயரு இன்னா வெண்டைக்காயா டீச்சர்?” என்றார். கோபம் வந்தால் நான் அவருக்கு டீச்சர்.

கயல் மட்டும் சிரிக்கவில்லை. தானும் வந்து அழுத்திப் பார்த்தாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னாள். “நாளைக்கும் நாளன்னைக்கும் பஸ்ஸுல போறேன். ஆனா திங்கக்கிழமை முடியாது. அன்னிக்கு மாசமா இருக்கறவங்களுக்கு செக்கப். காலைலயே நடந்து வந்து காத்துக்கினு இருப்பாங்க. பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பேரு திரும்பிடுவாங்க. அதுக்குள்ள டயர் மாத்தினா காரு. இல்லன்னா ஸ்கூட்டி.”

“மழையிலயா?”

“மழைலதாம்மா.”

மூன்றே நாள். அதற்குள் சரியான டயர் போட்டாக வேண்டும். இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் செய்தேன். அவளுக்குத் தெரியாது, இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அவளைக் கீழே எங்காவது மாற்றச் சொல்லி ஒரு விண்ணப்பம் மனசுக்குள் எழுத ஆரம்பித்தேன். பள்ளிக்கூட டீச்சர் அல்லவா... முதல் பத்தி அருமையாக வந்தது.

நீங்கள் யாராவது டயர் வாங்கப் போவதாக வெளியே சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாதீர்கள். பெண்ணுக்கு வரன் பார்ப்பதாகச் சொன்னால்கூட இவ்வளவு யோசனை வராது. சின்னசேலத்து மைத்துனர், “இன்னும் பெரிய வீலா போட்டு டயர ஒல்லியா மாத்துங்க, லுக்கு அள்ளும்” என்றார். கரும்பு லாரிக்காரர் ஒருவர், பழைய டயருக்கே புதுப் பட்டன் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார், முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று தாளில் போட்டுக் காட்டினார். அவரிடம் கார் கிடையாது. அதனாலென்ன?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் தனசேகர் கடைக்குப் போனோம். கள்ளக்குறிச்சியில் இருபது வருஷமாக டயர் கடை வைத்திருக்கிறார். அவருடைய பெண் என்னிடம் படித்தவள்.

கடைக்குள் நுழைந்ததுமே இவர் ஒரு டயரிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டார். பட்டன் ஒவ்வொன்றும் அச்சு வெல்லம் பருமன். டிராக்டர் டயரின் தம்பி மாதிரி இருந்தது.

“தனசேகரு, இதப் போடு. மலைக்கு இதான் கரெக்டு. கவ்விக்கினு ஏறும்.”

கரும்பு விவசாயியின் கண். சேற்றில் இறங்கி டன் கணக்கில் கரும்பை இழுக்கிறவருக்குப் பட்டன்தான் தெய்வம். பட்டன் பெரிதானால் பிடி பெரிது. எனக்கும் அது சரி என்றே பட்டது.

தனசேகர் வெளியே வந்து, எங்கள் டயரின் பக்கவாட்டை ஈரத்துணியால் தேய்த்தார். பாலிஷ் போனது. அடியில் சின்னதாக நாலு எண்.

“இது இன்னான்னு தெரியுமா டீச்சரம்மா?”

“சைஸா?”

“பொறந்த தேதி. மொத ரெண்டு, எத்தனாவது வாரம். கடைசி ரெண்டு, எந்த வருஷம்.” கொஞ்சம் யோசித்தார். “டாக்டரம்மாக்கு இப்ப இன்னா வயசு?”

“இருபத்தஞ்சு.”

“அப்ப அவங்க ஒம்பதாவது படிச்சிக்கினு இருந்தப்போ செஞ்ச டயருங்க இது.”

இரட்டைச் சடையும் நீலப் பாவாடையுமாக ஒன்பதாம் வகுப்புக் கயல் கண்முன் வந்து நின்றாள். அந்த வயசு ரப்பர் மேலா நான் அவளை உட்கார வைத்து மலைக்கு அனுப்பினேன்?

“ஓடவே இல்லியே தனசேகரு!” என்றார் இவர். குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். “ஷெட்டுலயே வச்சி பத்திரமா...”

“அதாங்கண்ணே தப்பு. ஓடினாலும் ஓடாட்டியும் ரப்பருக்கு வயசு ஆவும். நிறுத்தியே வச்சா இன்னும் சீக்கிரம் கல்லாயிடும். பட்டன் தேய்ஞ்சா கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. இங்க பாருங்க, பித்தவெடிப்பு.” டயரின் ஓரத்தை அழுத்திக் காட்டினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. அத்தனை நாளும் பாலிஷ் அதை மூடியிருக்கிறது.

இவர் விடுவதாக இல்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“சரி, நாலு வாணாம். மூணு குடு. ஒண்ணு புதுசு என்னாண்டயே கீது.”

பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னியின் உறையைக் கழற்றினார். திரைச்சீலை விலக்கிச் சாமி காட்டுகிற மாதிரி. உண்மையிலேயே புதுசு. தரையே பார்க்காத டயர். புது டயரில் ரப்பர் முடி மெலிசாக நீட்டிக்கொண்டிருக்குமே... அந்த மீசைகூட அப்படியே இருந்தது.

“பாத்தியா? மீசகூடக் கலையல!”

தனசேகர் மீசையைத் தடவிப் பார்த்தார் — டயரின் மீசையைத்தான். எண்ணைத் தேடிப் படித்தார். இவர் தோள்மேல் கை வைத்தார்.

“அண்ணே, இதுவும் ஒம்பதாவதுதான். அதே செக்ஷன்.”

நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. இவர் மெதுவாக உறையை மாட்டினார். யாரோ இறந்துவிட்ட மாதிரி.

பிறகு தனசேகர் வரிசையாக மூன்று டயர்களை நிறுத்தினார். ஒன்று, இவருடைய அச்சு வெல்லம். சேற்றுக்கும் காட்டுக்கும். இன்னொன்று தார் ரோட்டுக்கானது. வாய்க்கால் வாய்க்காலாகக் கோடு வெட்டி, ஈரத்தை வெளியே தள்ளும். மூன்றாவது, இரண்டுக்கும் நடுவாந்திரம்.

“பெரிய பட்டன் ஈரத் தார்ல ஒக்காராதுண்ணே. ரோட்டத் தொடுற எடமே கம்மி. சேத்துல ராஜா, மழைல தார்ல தடுமாறும்” என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “மலைல தார் எவ்ளோ, மண் ரோடு எவ்ளோ?”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

“ஓட்டுறது யாரு?”

அடடா! மைத்துனரைக் கேட்டோம், லாரிக்காரரைக் கேட்டோம், கார் இல்லாத கணக்கு சாரைக்கூடக் கேட்டோம். ஓட்டுகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

போன் போட்டேன். கயல் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் பஸ் சத்தமும் அவளும் சேர்ந்து பேசினார்கள்.

“ஆஸ்பத்திரி வரைக்கும் தார்தாண்ணே. வாரத்துல ரெண்டு நாளு சப் சென்டருக்கு மண் ரோடு, நாலு கிலோமீட்டர் இருக்கும். ஆனா மண்ணுல மெதுவாத்தான் போவேன், பிரச்சின இல்ல. எனக்கு பயமே ஈரத் தார்தான்.”

‘எனக்கு பயம்’! ஐந்து மாதத்தில் இந்தப் பெண் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. வீட்டில் பயப்படும் உத்தியோகம் முழுவதையும் நானே எடுத்துக்கொண்டால், அவள் எங்கே போய்ச் சொல்வாள்? டயர் கடைக்காரரிடம் சொல்கிறாள்.

“ரோட்டுப் பக்கமா சாஞ்ச நடுவாந்திரம்” என்று தனசேகர் முடிவு சொன்னார். “ஆனா இந்த சைஸ் நம்மகிட்ட இல்ல. சேலத்துலருந்து வரணும். ஞாயித்துக்கெழம வந்துடும்.”

“அதோ, கிட்டத்தட்ட அதே சைஸ் கீதே. அர இஞ்சுதானே கம்மி?” என்றார் இவர்.

“அது சின்ன ஜீப்பு டயருண்ணே. பாரம் தாங்குற நம்பரே வேற. மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்னிக்கு பொண்ணோட செருப்ப மாட்டி வுடுவீங்களா?”

இவர் வாயை மூடிக்கொண்டார். நான் திறந்தேன்.

“தனசேகர், இதப் போட்டா வழுக்கவே வழுக்காதில்ல? உறுதியா சொல்லுங்க.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “வழுக்காத டயருன்னு ஒண்ணு வந்துச்சுன்னா எனக்கும் ஒண்ணு வாங்கி வையுங்க டீச்சரம்மா. டயரு பாதி, ஓட்டுறவங்க பாதி. கல்லு டயர வச்சிக்கினு, மழைல, ஒரு சாண்ல நிறுத்தியிருக்காங்களே... அந்தப் பாதி உங்க வூட்டுல நல்லாவே கீது. இந்தப் பாதிய நான் பாத்துக்கறேன்.”

ஒரு சாண். நான் அதைப் பள்ளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போனோம் என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். அவள் எவ்வளவு தூரத்தில் நிறுத்தினாள் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

அருமையான முதல் பத்தி கொண்ட என் விண்ணப்பம், இரண்டாவது பத்தி இல்லாமலே அங்கே முடிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலை டயர்கள் சின்னசேலம் லாரி ஆபீஸில் வந்து இறங்கின. அழைத்து வர எங்கள் டிராக்டர்தான் போனது. வெயிலில் நிற்கிற டிராக்டர், ஷெட்டில் இருக்கிற மாப்பிள்ளைக்குச் செருப்புச் சுமந்து வந்தது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து. மாட்டி, காற்று அளந்து, அலைன்மென்ட் பார்த்து, “புது ரப்பரு, மொதல்ல கொஞ்ச நாளு பதமா ஓட்டச் சொல்லுங்க” என்று தனசேகர் அனுப்பினார். நான் ஐந்திலும் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். இளசு. இவரும், யாரும் பார்க்காதபோது ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை. தூறல். வேறென்ன?

“நானும் வரட்டா?” என்றேன்.

“வாணாம்மா. நீ வந்தா நான் ரோட்டப் பாக்க மாட்டேன். உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருப்பேன்.”

மாப்பிள்ளை கிளம்பிப் போனார். அன்றைக்கென்று பார்த்து எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. கையை என்ன செய்வது? குக்கரில் பருப்பு வைத்தேன். போன் ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம். இரண்டும் சத்தம் போடவில்லை. குக்கர் ஓரமெல்லாம் புஸ் புஸ்ஸென்று ஆவிதான் போயிற்று. கேஸ்கட் தளர்ந்துவிட்டது, மூன்று மாதமாக இதே கதைதான். தண்ணீரில் நனைத்து, ஃப்ரீசரில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னிடம் புதுசு ஒன்று இருக்கிறதே! அலமாரி மேல்தட்டில், கவர் பிரிக்காமல், எப்போதோ வாங்கிப் பத்திரமாக வைத்தது. ஸ்டூல் போட்டு எடுத்தேன். கவரைப் பிரித்தேன். மூடியில் மாட்ட லேசாக இழுத்தேன்.

பட்டென்று இரண்டாக அறுந்தது.

அதே நேரம் போன் அடித்தது. “மேல வந்துட்டேம்மா. அந்தத் திருப்பத்துல பிரேக் போட்டுப் பாத்தேன். சமத்தா நிக்குது. சடையண்ணன்கூட வந்து டயர அமுக்கிப் பாத்துட்டு, இப்பதான் செருப்பு செருப்பா கீதுன்னாரு. ஆமா, ஏன் உன் கொரலு ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணும் இல்லடி. நீ போய் வேலயப் பாரு” என்றேன். குரல் உடைந்தது அவளால்தான், கேஸ்கட்டால் இல்லை.

திரும்பினேன். சமையலறை வாசலில் இவர். என் கையிலிருந்த துண்டு ஒன்றை வாங்கினார். ரொம்ப நிதானமாகக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“டீச்சர், இது எத்தனாவது படிக்கும்போது வாங்கினது?”